ஒரு சாண் தூரம்: வீடியோவுக்குக் கிளிப் மைக் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

கேமராவிலிருந்து 160 சென்டிமீட்டர் தள்ளி ஒருவரை உட்காரவைத்து, கேமராவின் சொந்த மைக்கிலேயே ஒரு வாக்கியம் பதிவுசெய்யுங்கள். பிறகு அதே வாக்கியத்தை, அவர் சட்டையில் மாட்டிய மைக்கில், வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் பதிவுசெய்யுங்கள். தூரம் பாதியாகும்போதெல்லாம் நேராக வந்துசேரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 160 பாதியாகி 80, அப்புறம் 40, அப்புறம் 20. மூன்று முறை பாதி, ஆக 18 டெசிபல். சுவரில் முட்டித் திரும்பும் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் மட்டும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். குரல் முன்னால் வந்துவிடுகிறது, அறை பின்னால் போய்விடுகிறது.

கிளிப் மைக்கின் பலம் இது ஒன்றுதான். உள்ளே மாயம் எதுவும் இல்லை. ஒலியை மின்சிக்னலாக மாற்றும், பட்டாணி அளவுகூட இல்லாத ஓர் எலெக்ட்ரெட் கேப்சூல், அவ்வளவே. எலெக்ட்ரெட் என்றால் மின்னேற்றத்தை நிரந்தரமாகப் பிடித்துவைத்திருக்கும் பொருள். 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக்தான் இந்தச் சின்ன உருவத்துக்கு வழிசெய்தது. அதற்கு முன்னால் பேசுபவர்கள் கனமான மைக்கைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். பதக்கச் சங்கிலிக்கான பிரெஞ்சுப் பெயர் அப்படித்தான் மைக்குக்கு வந்தது. இன்றும் பெட்டியில் ‘லவாலியர்’ என்று போட்டிருக்கும். நம் ஆட்கள் காலர் மைக், லேபல் மைக், கிளிப் மைக் என்று எப்படி அழைத்தாலும் பொருள் ஒன்றே.

ஆக, விலை கூடிய மைக்கைத் தொப்புளுக்குப் பக்கத்தில் மாட்டினால், சாதாரண மைக்கைச் சரியான இடத்தில் மாட்டியவர் உங்களை ஜெயித்துவிடுவார். இனி சொல்லப்போகும் எல்லாமே வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் இடைவெளியைக் காப்பாற்றுகிற வேலைகள்.

வயரா, வயர்லெஸ்ஸா?

உட்கார்ந்து பேசுகிற வீடியோ என்றால் வயர் மைக் போதும். சார்ஜ் தீர்வதில்லை, சிக்னல் அறுவதில்லை. நடந்துகொண்டு பேசுகிறீர்கள், கேமரா தூரத்தில் இருக்கிறது, அல்லது இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றால் வயர்லெஸ் வசதி. ஆரம்பத்தில் வயர் மைக்கில் கை பழகுவது நல்லது என்பது என் கருத்து. தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று தேடுவதற்கு அதில் இடங்கள் குறைவு.

வயர்லெஸ்ஸிலும் இரண்டு வகை உண்டு. இடுப்பில் குரலை அனுப்பும் பெட்டியான ஒரு டிரான்ஸ்மிட்டர், அதிலிருந்து வயர் வழியாகச் சட்டைக்கு ஒரு குட்டி மைக் என்பது பழைய முறை. டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே மைக் இருக்க, மொத்தத்தையும் சட்டையில் மாட்டிக்கொள்வது இப்போதைய பழக்கம். 2019-இல் வந்த ரோட் வயர்லெஸ் கோ இந்த இரண்டாவது வகையை வீடியோ எடுப்பவர்களிடம் பரவலாக்கியது. மாட்டுவது சுலபம், ஆனால் டீ-சர்ட்டின் கழுத்தைக் கீழே இழுக்கும், திரையில் கறுப்புப் பெட்டியாகவும் தெரியும்.

வாங்கும்போது எந்தத் திசையில் கேட்கும் மைக் என்று பாருங்கள். எல்லாத் திசையிலும் கேட்கும் ஓம்னி வகையே கிளிப்புக்கு ஏற்றது. ஒரே திசையில் கேட்கும் கார்டியாய்டு இரைச்சலைக் குறைக்கும் என்று ஆசைகாட்டும். ஆனால் அது கொஞ்சம் சாய்ந்தாலும் குரல் மாறிவிடும், துணி உரசலுக்கும் காற்றுக்கும் ஓம்னியைவிட அதிகமாகப் பயப்படும். மேடையில் ஸ்பீக்கர் ஊளையிடும் பிரச்சினை இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

முள்ளில் எத்தனை கறுப்புக் கோடு?

ஒரு முறை 40 நிமிடப் பேட்டி ஒன்றை போனில் எடுத்தேன். மைக் மாட்டியாயிற்று, வயர் மறைத்தாயிற்று, பேசியவரும் அருமையாகப் பேசினார். வீட்டுக்கு வந்து கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. படத்தில் மைக் அழகாகத் தெரிகிறது, ஆனால் பதிவானது முழுக்க போனின் சொந்த மைக்கில். காரணம், முள்ளில் ஒரு கோடு குறைவு.

3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் உலோக முள்ளைப் பாருங்கள். இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது டிஆர்எஸ், கேமராவுக்கானது. மூன்று கோடு இருந்தால் டிஆர்ஆர்எஸ், போனுக்கானது. போன் தன் துளையில் ஹெட்போன், மைக் இரண்டையும் எதிர்பார்க்கிறது. மைக்குக்கான இடம் முள்ளின் அடிப்பகுதி. அங்கே இரண்டு கோட்டு முள் வந்தால், மைக் இல்லாத வெறும் ஹெட்போன் என்று போன் முடிவுகட்டி, சத்தமில்லாமல் தன் மைக்குக்கே திரும்பிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அதுபோல மூன்று கோட்டு மைக்கை கேமராவில் செருகினால் ஒன்றும் கேட்காது, அல்லது மெலிந்த ஒரு சத்தம் வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சின்ன இணைப்பு வயர் கிடைக்கிறது. பையில் இரண்டையும் போட்டு வையுங்கள். வயர்லெஸ்ஸில் குரலை வாங்கும் பெட்டியான ரிசீவரிலிருந்து கேமராவுக்கும் போனுக்கும் போகும் வயர்களுக்கும் இதே கணக்குதான்.

சில வயர் மைக்குகளின் நடுவில் ஒரு குட்டி டப்பா இருக்கும், அதில் கேமரா, போன் என்று மாற்றும் சுவிட்ச். உள்ளே எல்ஆர்44 பட்டன் பேட்டரி. கேமராப் பக்கம் வைத்தால் பேட்டரியில் ஓடும், போன் பக்கம் வைத்தால் போனிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சத்தமே வரவில்லை என்றால் முதலில் இந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

ஜாக் துளை இல்லாத போன்களில் சி-டைப் அல்லது லைட்னிங் வழியாகத்தான் போக வேண்டும். ஐபோனில் ஜாக் துளை 2016-இல் ஐபோன் 7-உடன் போனது, 2023-இல் ஐபோன் 15-உடன் சி-டைப் வந்தது. இருப்பது எந்த போன் என்று பார்த்துவிட்டு மைக் வாங்குங்கள். சி-டைப்புக்கு மாற்றும் இணைப்பு வாங்கினால், மைக்கையும் ஏற்றுக்கொள்ளும் என்று தெளிவாகப் போட்டிருப்பதை எடுங்கள். ஹெட்போனுக்கு மட்டுமே வேலைசெய்கிறவையும் இருக்கின்றன. சில ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் ஓடிஜி என்பதை, அதாவது வெளிக்கருவிகளை போனில் இணைக்கும் வசதியை, இயக்கினால்தான் வெளி மைக்கே தெரியும்.

பெரிய மூன்று முள் எக்ஸ்எல்ஆர் துளை உள்ள கேமரா அல்லது மிக்ஸர் என்றால், அங்கிருந்து வருவது 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம், அதாவது மைக்கை இயக்க அதே வயர் வழியாக வரும் மின்சாரம். கிளிப் மைக்குக்கு அதில் கொஞ்சமே வேண்டும். மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் மாற்றி வேண்டும், வெறும் வயர் மாற்றி போதாது.

சுரண்டிப் பாருங்கள்

இப்போது எந்த மைக் பதிவுசெய்கிறது என்று தெரிந்துகொள்ள நம்பகமான வழி ஒன்று உண்டு. பதிவை ஓடவிட்டு, கிளிப் மைக்கின் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அப்புறம் போனின் அல்லது கேமராவின் சொந்த மைக் துளையைச் சுரண்டுங்கள். பதிவைக் கேளுங்கள். எது ‘கர்கர்’ என்று பெரிதாகக் கேட்கிறதோ அதுதான் வேலைசெய்கிறது. மைக்கில் ‘ஹலோ ஹலோ’ சொல்வதால் இது தெரியாது, ஏனென்றால் அந்த ஹலோ இரண்டு மைக்கிலும் விழும். சுரண்டல் 10 வினாடி வேலை. அந்த 40 நிமிடப் பேட்டிக்குப் பிறகு நான் இதைச் செய்யாமல் ஒரு பதிவும் தொடங்கியதில்லை.

போனில் கேட்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். மைக் செருகியிருக்கும்போதே பதிவை ஓட்டினால் ஒன்றுமே கேட்காமல் போகலாம். மைக்கை ஹெட்போன் என்று நினைத்து போன் சத்தத்தை அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும். பதிவு போச்சே என்று பதறாதீர்கள். மைக்கைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

ஆண்ட்ராய்டில் போனோடு வரும் கேமரா ஆப் வெளி மைக்கைக் கண்டுகொள்ளாவிட்டால் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பை முயலுங்கள், அதில் எந்த மைக் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. பிளாக்மேஜிக் கேமரா ஆப்பும் இலவசம். அது ஒலி அளவைத் திரையில் மீட்டராகக் காட்டும், அது பெரிய உதவி.

அறை

கிளிப் மைக் அறையைப் பின்னுக்குத் தள்ளும், இல்லாமலாக்காது. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு ஒரு வால் நீள்கிறதா? அந்த வால் உங்கள் குரலின் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் வரும். திரைச்சீலை, மெத்தை, துணி மாட்டிய அலமாரி, புத்தக அடுக்கு எல்லாம் அந்த வாலை நறுக்கும். வெறும் சுவரும் கண்ணாடி ஜன்னலும் நீட்டும். பேசுபவருக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால், ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

மின்விசிறி, ஏசி, பிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். பிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடுவோம். வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் மறக்காது, கிளம்பும்போது சாவி தேட வேண்டுமல்லவா.

எங்கே மாட்டுவது, எப்படி மாட்டுவது

கட்டைவிரல் நுனியை மோவாயில் வைத்துச் சாண் விரித்து நெஞ்சில் இறக்குங்கள். சுண்டுவிரல் தொடும் இடம்தான் மைக்கின் இடம். நெஞ்செலும்பின் மேல், பொத்தான் சட்டையில் இரண்டாவது, மூன்றாவது பொத்தானுக்கு நடுவில் வரும்.

இன்னும் மேலே, கழுத்துக்குழியில் வைத்தால் இன்னும் பக்கம்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே மோவாய் குடைபோல மறைக்கிறது. ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஒலிகள் நேராக முன்னால் போய்விடும், மைக்குக்கு மந்தமான குரல் கிடைக்கும். தலை குனியும்போதும் நிமிரும்போதும் குரலின் நிறமே மாறும். மிகக் கீழே போனால் அறை மறுபடி உள்ளே வந்துவிடும்.

இடமா, வலமா? நேராக கேமராவைப் பார்த்துப் பேசுபவருக்கு நடுவில். பக்கத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்தே பேசப்போகிறார் என்றால் அவர் திரும்பும் பக்கம். கோட்டின் மடிப்பில் மாட்டுவதாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். தவறான மடிப்பில் மாட்டினால் முழுப் பேட்டியும் முதுகைக் காட்டிப் பேசியதுபோல் இருக்கும்.

மாட்டும் வரிசை இப்படி:

1. முதலில் அனுமதி கேளுங்கள். “சட்டையில் மைக் மாட்டணும், நீங்களே மாட்டிக்கிறீங்களா, நான் மாட்டவா?” என்று ஒரு வார்த்தை போதும். உள்ளே வயர் விட வேண்டியதை அவரே செய்யட்டும்.

2. வயரைச் சட்டையின் உள்பக்கம் கீழிருந்து மேலே கொண்டுவந்து பொத்தான் இடைவெளியில் மைக்கை வெளியே எடுங்கள்.

3. மைக்குக்குக் கீழே வயரை ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சின்ன வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தையும் சேர்த்துக் கிளிப்பால் கவ்வவிடுங்கள். வயர் எங்காவது இழுபட்டால் வளையம்தான் அதிர்வை வாங்கிக்கொள்ளும், மைக்குக்குப் போகாது. செய்யாமல் விட்டால், அவர் கையை அசைக்கும்போதெல்லாம் ‘டும் டும்’ என்று விழும்.

4. சட்டைக்குள் ஒரு துண்டு டேப்பால் வயரை இன்னோர் இடத்திலும் ஒட்டுங்கள்.

5. எழுந்து உட்காரச் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பச் சொல்லி, ஹெட்போனில் கேளுங்கள்.

ஓம்னி மைக் என்றால் அதைத் தலைகீழாகவும் மாட்டலாம். மூக்கிலிருந்து இறங்கும் மூச்சும், ‘ப’ சொல்லும்போது வெடிக்கும் காற்றும் மைக்கின் வாயில் நேராக அறையாது. குரல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மூச்சுச் சத்தம் அதிகம் வரும் ஆட்களுக்கு நான் முதலில் செய்துபார்ப்பது இதுதான்.

டீ-சர்ட்டில் கவ்வ இடமே இருக்காது. கழுத்து விளிம்பில் மாட்டினால் மோவாய்க்கு அடியில் போய்விடும். காந்தக் கிளிப் இதற்கு நல்ல தீர்வு. துணியின் உள்பக்கம் ஒரு காந்தம், வெளியே மைக். ஆனால் அவருக்கு பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் நெஞ்சில் காந்தம் வைக்கக் கூடாது. இருந்தால் சாதாரணக் கிளிப்தான்.

உரசும் பொருள்கள்

ஹெட்போனில் கேட்கும் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு துப்பறியும் வேலை. சங்கிலி, அடையாள அட்டை, தாடி, விரித்துவிட்ட கூந்தல், கழுத்தில் சுற்றிய சால்வை, வண்டியில் என்றால் சீட் பெல்ட். பேசும்போது நெஞ்சைத் தட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களும் உண்டு, “நான் இருக்கேன்” என்று மைக்கின் மேலேயே அடிப்பார்கள். முன்கூட்டியே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

துணியில் பருத்தி அமைதி, வழவழப்பான செயற்கை இழை சத்தம். காற்றடைத்த மாதிரி மொரமொரக்கும் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்வதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

மைக்கைத் துணிக்குள் மறைக்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். கதைப்படம் எடுக்காதவரை வேண்டாம் என்பேன். சட்டையில் ஒரு மைக் தெரிவதால் பார்ப்பவர் யாரும் ஓடிவிடுவதில்லை, ஆனால் துணி உரசும் சத்தத்தில் ஓடிவிடுவார்கள். கட்டாயம் மறைத்தாக வேண்டும் என்றால் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் மருத்துவ டேப்பை முக்கோணமாக மடித்து, ஒட்டும் பக்கம் வெளியே இருக்க, மைக்கின் இரு பக்கமும் வைத்து, துணியும் மைக்கும் ஒன்றாகவே நகரும்படி ஒட்டுங்கள். மைக்கின் மேல் துணி தனியாக நகர்ந்தால்தான் உரசல். மைக்கின் துளை மட்டும் மூடக் கூடாது.

வெளியிடத்தில் காற்று

மைக்கோடு வரும் பஞ்சு உறை அறைக்குள் மூச்சைத் தடுக்கத்தான். வெளியே வீசும் காற்றுக்கு ரோமம் வைத்த உறை வேண்டும், டெட்கேட் என்று கேட்டால் கொடுப்பார்கள். தோலில் லேசாகத் தெரியும் காற்றுகூட மைக்கில் இடிபோல் விழும், அப்படி விழுந்ததை எடிட்டிங்கில் பிரித்தெடுக்க முடியாது. காற்று வரும் திசைக்கு அவர் முதுகைக் காட்டட்டும். இந்த ரோம உறை காணாமல் போவதில் கில்லாடி, இரண்டாக வாங்கிவையுங்கள்.

அளவு வைப்பது

இடம் சரியானால் அடுத்தது லெவல். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல் என்பது கூரை. அதில் முட்டும் ஒலியின் தலை வெட்டப்பட்டு ‘கரகர’ என்று உடைந்துவிடும், எந்த மென்பொருளாலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது. ரொம்பக் குறைவாக வைத்தால், பின்னால் ஏற்றும்போது மைக்கின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் சேர்ந்து ஏறும். சாதாரணப் பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் ஆடட்டும், சிரிப்பும் உணர்ச்சியும் மைனஸ் 6 வரை போகட்டும். அதற்கு மேல் ஒரு மழலையின் கத்தலுக்கு இடம் மிச்சமிருக்கும்.

இதற்கு முதலில் தானியங்கி அளவு என்ற ஏற்பாட்டை அணைக்க வேண்டும். அது நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பேச்சு நின்றதும் அளவை ஏற்றும். இடைவெளிகளில் அறையின் இரைச்சல் மூச்சு விடுவதுபோல மேலேறி, அடுத்த வார்த்தை வந்ததும் அமுங்கும். கேமராவில் கைமுறை அளவுக்கு மாற்றுங்கள். உங்கள் போன் ஆப்பில் அந்த வசதியே இல்லை என்றால் அதை ஏற்றுக்கொண்டு, மைக்கின் அல்லது ரிசீவரின் அளவை மட்டும் சரிசெய்யுங்கள்.

வயர்லெஸ் என்றால் அளவு இரண்டு இடத்தில் இருக்கிறது: ரிசீவரின் வெளியீடு, கேமராவின் உள்ளீடு. பல கேமராக்களின் உள் பெருக்கி சுமாரானது, அதை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். அதனால் கேமராவில் அளவை அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, மீட்டர் மைனஸ் 12-ஐத் தொடும் வரை ரிசீவரில் ஏற்றுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள்தான் “என் மைக்கில் ஒரே இரைச்சல்” என்று அலுத்துக்கொள்வார்கள்.

சோதனைக்கு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணச் சொல்லாதீர்கள். எல்லோரும் அதைப் பள்ளிப்பிள்ளைபோல் மெல்லிய குரலில் சொல்வார்கள், பதிவு தொடங்கியதும் குரல் இரண்டு மடங்காகும். அவருக்குப் பிடித்த விஷயம் ஏதாவது கேளுங்கள், சிரிக்கவையுங்கள், அந்தச் சிரிப்புக்கு அளவு வையுங்கள்.

மிகச் சிறிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரே கோப்பில் அடக்கும் 32-பிட் ஃப்ளோட் பதிவுமுறை உள்ள மைக்கில் இந்தக் கவலையே இல்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. டிரான்ஸ்மிட்டர் தனக்குள்ளேயே பதிவுசெய்யும் கோப்பில் அந்தச் சலுகை உண்டு, உடைந்ததுபோல் தெரியும் ஒலியைப் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ரிசீவர் வழியாக கேமராவுக்குப் போகும் ஒலிக்குப் பழைய கூரை அப்படியே இருக்கிறது. கேப்சூலே தாங்காத சத்தம் வந்தால் அதற்கும் மருந்து இல்லை.

பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை வினாடிக்கு 48,000 முறை மாதிரி எடுப்பது, முடிந்தால் 24 பிட். வீடியோவுக்கு இதுவே வழக்கம். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

சிக்னல் அறுபடாமல்

இப்போதைய வயர்லெஸ் மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையும் ப்ளூடூத்தும் அதே தெருவில்தான் நடக்கின்றன. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். டிரான்ஸ்மிட்டரைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பேசினால், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்பதற்குச் சமம். பெட்டியில் போட்டிருக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் என்பது நடுவில் எதுவுமில்லாத வெட்டவெளியில். ரிசீவரைப் பைக்குள் போடாமல் கேமராவின் மேலேயே வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று ‘பார்க்க’ வேண்டும். பதிவுசெய்யும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். பேசுபவர் பாக்கெட்டில் இருக்கும் போனையும் வாங்கித் தள்ளி வையுங்கள்.

டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி இருந்தால் எப்போதும் இயக்கி வையுங்கள். காற்றில் சிக்னல் அறுந்தாலும் சட்டையில் இருக்கும் பெட்டியில் குரல் முழுதாக இருக்கும்.

ப்ளூடூத் இயர்போனையே மைக்காகப் பயன்படுத்தலாமே என்ற கேள்விக்குப் பதில்: வழக்கமான ப்ளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் அது போன்பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும். வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான், நாம் பேசிக்கொண்டிருப்பது 48,000. கேட்டதுமே தெரியும்.

பழைய போன் ஒரு வழி

வயர்லெஸ் வாங்க வசதியில்லை, ஆனால் கேமராவிலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பவர்களுக்கு: வயர் மைக்கைப் பழைய போன் ஒன்றில் செருகி, ஒலிப்பதிவு ஆப்பை ஓடவிட்டு, போனைப் பேசுபவரின் பாக்கெட்டில் போடுங்கள். ஏரோப்ளேன் மோடு கட்டாயம். கேமராவும் தன் மைக்கில் தனியாகப் பதிவுசெய்யட்டும், அந்த மோசமான ஒலி பின்னால் பொருத்துவதற்கு வழிகாட்டியாக வேண்டும். பதிவு தொடங்கியதும் அவர் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு முறை பலமாகக் கைதட்ட வேண்டும். எடிட்டிங்கில், கைகள் சேரும் ஃப்ரேமில் ஒலி அலையின் கூர்முனையைக் கொண்டுவந்து நிறுத்தினால் உதடும் குரலும் சேர்ந்துவிடும். வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிவினாடி. ஓரிரு ஃப்ரேம் தள்ளினாலே கண் உறுத்த ஆரம்பிக்கும்.

நீளமான பதிவில் முடிவிலும் ஒரு முறை தட்டச் சொல்லுங்கள். இரண்டு கருவிகளின் உள்கடிகாரங்களும் மயிரிழை வேறுபடும், நேரம் ஆக ஆக அந்த இழை நீளும். கடைசித் தட்டலைப் பார்த்தால் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும், ஒலியை அந்த அளவுக்கு நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யலாம்.

எந்த முறையில் எடுத்தாலும், கிளம்பும் முன் எல்லோரையும் 30 வினாடி பேசாமல் இருக்கச் சொல்லி வெறும் அறையைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வார்த்தைகளை வெட்டி ஒட்டும்போது வரும் ஓட்டைகளை அடைக்க அந்த அமைதி தேவைப்படும். முழு நிசப்தத்தால் அடைத்தால் காதில் குழி விழுந்ததுபோல் இருக்கும்.

இரண்டு பேர்

ஆளுக்கொரு மைக். நடுவில் ஒன்று என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். இரண்டையும் ஒரே ஒலியாகக் கலக்காமல், இடது சேனலில் ஒருவர், வலதில் ஒருவர் என்று தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள். ஏனென்றால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் கொஞ்சம் தாமதமாகப் போய் விழும். இரண்டும் கலந்தால் குழாய்க்குள் பேசுவதுபோல் பொள்ளலாகக் கேட்கும். தனித்தனியாக இருந்தால், பேசாதவரின் மைக்கை எடிட்டிங்கில் 10 முதல் 15 டெசிபல் இறக்கிவிடலாம். முழுசாக அணைத்தால் அறையின் இரைச்சல் விட்டுவிட்டு வரும், அது இன்னும் மோசம். நெருங்கி உட்காராமல் கொஞ்சம் இடைவெளி விட்டால் இந்த வேலையே பாதியாகும்.

முடித்ததும் இரண்டு சேனலையும் மறக்காமல் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஹெட்போனில் கேட்பவருக்கு இடக்காதில் கேள்வி, வலக்காதில் பதில் என்று கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும். ஒரே மைக் இடப்பக்கம் மட்டும் பதிவாகி, வலக்காது செத்துப்போன வீடியோக்களுக்கும் இதே மருந்து.

எடிட்டிங்கில் கொஞ்சம்

நன்றாக மாட்டிய மைக்குக்கு இங்கே அதிக வேலை கிடையாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருள் போதும், வீடியோவோடு சேர்த்தே செய்ய டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்கள், மேசை அதிர்வும் வாகன உறுமலும் அங்கேதான். நெஞ்சில் மாட்டிய மைக்கில் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் நெஞ்சின் முழக்கம் கூடி, 3,000 முதல் 5,000 வரை தெளிவு குறைந்திருக்கும். முதலாவதை 2, 3 டெசிபல் இறக்கி, இரண்டாவதை அதே அளவு ஏற்றிப் பாருங்கள். போர்வையை விலக்கியதுபோல் குரல் வெளியே வரும்.

சத்தமான இடங்களை அமுக்கிக் குரலைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரைப் போடுவதாக இருந்தால், இரைச்சல் நீக்கியை அதற்கு முன்னால் போடுங்கள், லேசாக. அழுத்தினால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் குழைந்துவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சம் இரைச்சலைவிட அது கேட்கச் சகிக்காது. கடைசியாக மொத்த ஒலி அளவு: யூடியூப் சத்தமான வீடியோக்களை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் மொத்தச் சத்தத்தின் அலகு) பக்கம் இறக்கிவிடுகிறது, அதனால் அங்கேயே வைத்து யூடியூபில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போனின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். பார்ப்பவர்களில் பலர் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

கழற்றும்போது

பதிவு முடிந்ததும் முதலில் மைக்கை அணையுங்கள், நன்றி சொல்வது அப்புறம். பேசியவர் டிரான்ஸ்மிட்டரோடு எழுந்து அடுத்த அறைக்குப் போய் யாரிடமாவது மனம்விட்டுப் பேச, அது அத்தனையும் உங்கள் ஹெட்போனில் கேட்கும் சங்கடம் வேண்டாம். வயரை முழங்கையிலும் போனிலும் இறுக்கிச் சுற்றாமல், கையில் பெரிய வளையங்களாகத் தளர்வாகச் சுற்றி வையுங்கள். மைக் கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் முள்ளுக்குப் பக்கத்தில் வயர் உள்ளே முறிந்துதான். பஞ்சு உறை, கிளிப், மாற்று வயர் மூன்றும் பையில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். சுவிட்ச் உள்ள வயர் மைக் என்றால் அது போன் பக்கம் திரும்பியிருக்கட்டும். ரொம்ப நாளைக்கு எடுக்கப்போவதில்லை என்றால் அந்தப் பட்டன் பேட்டரியை வெளியே எடுத்து, ஒரு துண்டு டேப்பில் ஒட்டி, மைக்கோடு வையுங்கள். உள்ளேயே விட்டால் ஒருநாள் கசிந்து பச்சை பூத்துக் கிடக்கும். கழற்றிய பேட்டரி சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.